வாளிச் சத்தம்

பிள்ளையைக் குடிசையில் தூங்கவைத்துவிட்டு, தெய்வானை ஏரிக்கரையில் சாம்பல் தொட்டு விரால் மீனைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். மீன்வளத்துறை அதிகாரியும் ஊராட்சித் தலைவர் குணசீலனும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"நாட்டு மீனையெல்லாம் தின்னு தீர்க்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சர்க்கார் தடை பண்ணியாச்சு. இந்த ஏரியில அதை விட்டது யாரு?" என்றார் அதிகாரி.

"வேற யாரு சார்? இந்த வலைக்காரங்கதான்," என்றார் தலைவர்.

"அப்ப பொழுது சாயறதுக்குள்ள அத்தனையும் பிடிச்சுக் கரையில போடுங்க. இல்லேன்னா இனிமே இங்க யாரும் வலை வீசக் கூடாது."

சேற்றில் படுத்துக் கிடக்கிற மீனை எங்கே போய்த் தேடுவது? என்று கரையில் இருந்த வலைக்காரர்கள் புலம்பினார்கள். தெய்வானை தலை நிமிராமலே சொன்னாள்:

"தேடுவானேன் சார்? கூப்பிட்டா வரும்."

"மீனு கூப்பிட்டா வருமா? கிறுக்கச்சி!" தலைவர் சிரித்தார்.

அவள் தகர வாளியைக் கவிழ்த்து டங் டங்கென்று தட்டினாள். தண்ணீர் கொதித்தது போலப் பொங்கியது. மீசை மீசையாகக் கெளுத்திகள் கரைக்கு ஓடி வந்து வாயைப் பிளந்தன. வலைகள் விழுந்தன.

"இதை எங்கே கத்துக்கிட்டம்மா?" என்றார் அதிகாரி.

"தலைவர் தோப்புக் குட்டையில சார். இதுங்களுக்குக் கோழிக்குடல் கொட்டறப்ப இப்படித்தான் தட்டுவாங்க. போன மழையில குட்டை உடைஞ்சு எல்லாம் ஏரிக்கு வந்துருச்சு."

"இனியும் இங்க வலை வீசறது நீங்கதான். தலைவரே, நீங்க விசாரணைக்கு ஜீப்புல ஏறுங்க," என்றார் அதிகாரி.

"ரொம்பப் பேசற நீ!" என்று தலைவர் தெய்வானையை முறைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தேர்தலுக்கு நீங்க மோளம் தட்டினப்ப நாங்களும் இப்படித்தான் வாயைப் பிளந்துட்டு ஓடி வந்தோம். வர்ற தேர்தலுக்குத் தட்டிப் பாருங்க, அப்ப நாங்க வர்றோமான்னு..."

"ஏ தெய்வானை! புள்ள முழிச்சுக்கிட்டான், ஓடியா!" என்று குடிசையிலிருந்து குரல் வந்தது.