துண்டுக்குள் சொன்ன விலை

முன்னே ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், கதை நின்றுவிடும். ஒரு நாள் அவருக்குப் பொழுது போகவில்லை. கொள்ளுத் தாத்தாவின் தலைப்பாகையில் இருந்த வைரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை இன்று விற்றால் என்ன பெறும்?" என்று சபையில் கேட்டார்.

பொக்கிஷ அதிகாரி வல்லபராயர் துள்ளி எழுந்தார். "பத்தாயிரம் பொன்னுக்குக் குறையாது, மகாராஜா!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் மூலையில் நின்ற விகடன் சடையாண்டி லேசாக இருமினான். போதாதா? ராயருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இவருக்குத் தெரியாதது உண்டா? சரியான விலையை நாளைக்குள் இவரே சொல்லட்டும். கூட்டியோ குறைத்தோ சொன்னால் நாட்டை விட்டே போகட்டும்!" என்றார் ராயர், விகடனைக் காட்டி.

"நல்ல வேடிக்கை! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சடையாண்டியின் வீட்டில் மனைவி செங்கமலம் நிறைமாதம். அவளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? குறைத்துச் சொன்னால் ராஜாவின் முன்னோருக்கு அவமானம். கூட்டிச் சொன்னால் ராயர் வியாபாரிகளைக் கூட்டி வந்து சிரிக்க வைப்பார். நேரே வைரக் கடைத்தெருவுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினான். திரும்பும்போது முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலையில் ராஜாவிடம் போய் நின்றான். "மகாராஜா, விலை சொல்ல வேண்டியவன் வாங்குகிறவன்தான். தாங்கள் மோதிரங்களைக் கழற்றிவிட்டு அரை நாழிகை திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். கையை மட்டும் வெளியே நீட்டுங்கள்; யாராவது விரலைப் பிடித்தால் உதறிவிடுங்கள். வாயை மட்டும் திறக்கவே கூடாது."

ராஜாவுக்கு ஒரே குஷி. உட்கார்ந்துவிட்டார்.

சடையாண்டி ராயரைத் தேடிப் போனான். "ராயரே, மகாராஜா மனம் மாறி வைரத்தை விற்கச் சொல்லிவிட்டார். திரைக்குப் பின்னால் தரகர் இருக்கிறார். கடைத்தெரு வழக்கம்தான், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம். ஒரு விரல் ஆயிரம் பொன். யார் கேட்டது என்று வெளியே தெரியாது."

ராயருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. திரையிலிருந்து நீண்ட கையின் மேல் துண்டு விழுந்தது. உள்ளே கைவிட்டு ஒரு விரலைப் பிடித்தார். அந்தக் கை உதறியது. இரண்டு விரல். மறுபடியும் உதறல். மூன்று விரலைப் பிடித்தும் கை இசையவில்லை.

"யோவ் தரகரே! பட்டை பழைய காலத்துப் பட்டை, இன்றைக்கு எவன் கேட்கிறான்? ஓரத்தில் கீறல் வேறு. பத்தாயிரம் என்று நான் சொன்னது அந்த மனுஷன் முகத்துக்காக ஐயா! மூன்றுக்கு மேல் ஒரு பொன் தேறாது!"

துண்டுக்குள் இருந்த கை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. திரை விலகியது.

"ஐயோ, மகாராஜா!" ராயர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சரியான விலை மூவாயிரம், மகாராஜா" என்று பணிவாகச் சொன்னான் சடையாண்டி. "கடைத்தெருவிலும் நாலு பேர் அதையேதான் சொன்னார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீரே வந்துவிட்டது. "ராயரே, வைரம் உமக்குத்தான். ஆனால் சபையில் சொன்ன விலைக்கு! மூவாயிரம் என் பொக்கிஷத்துக்கு. மீதி ஏழாயிரம் நீர் என் முகத்துக்காகப் போட்டது அல்லவா? அதைச் சடையாண்டிக்குத் தரகாகக் கொடும்!"