மருந்து தின்ற புழு

இந்தக் கதையைச் சொல்கிறவன் இதைப் பல வருடங்களாக நம்பவில்லை. புழு செய்ததில் அவனுக்குச் சந்தேகமில்லை. மருதைமுத்து செய்ததில்தான்.

மருதைமுத்துவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் காட்டில் மக்காச்சோளம். முந்தைய வருடம் மொத்தத்தையும் படைப்புழு தின்று தீர்த்தது. இந்த வருடமும் போனால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். அதனால்தான் புழுக்களை ஆராய்கிற ரஸியாவிடம், மகள் வயதுப் பெண்ணிடம், வாராவாரம் பாடம் கேட்கப் போனார். அவள் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், குருத்துக்குள் இறங்கும்படி ஒரு சாயங்காலம் அடித்தார்.

மறுநாள் காலை ஒரு குருத்தைப் பிரித்தார். புழு நெளிந்தது. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் நெளிந்தது.

பக்கத்துக் காட்டுக் கொளஞ்சி வரப்பில் நின்று சிரித்தான். அவன் இன்னும் மருந்தே அடிக்கவில்லை.

"என்ன மாமா, டீச்சரம்மா குடுத்தது மருந்தா, சத்து டானிக்கா?"

மருதைமுத்து மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினார். கடைக்காரர் கொடுத்த வேறொரு மருந்தைக் கலக்கி, டேங்கை முதுகில் மாட்டினார். அப்போது ரஸியா வந்து சேர்ந்தாள்.

"இது எதுக்குங்கய்யா?"

"ஒண்ணுகூட சாகலையேம்மா. இதை எப்படி ஜெயிச்சதா நெனைக்கிறது?"

அவள் மர நிழலில் இருந்த இரண்டு சாப்பாட்டு டப்பாக்களைக் காட்டினாள்.

"அது ரெண்டும் வேணும்."

"சோறு இருக்கும்மா."

"டேங்கை இறக்கிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடுங்க. நான் இருக்கேன்."

கழுவின டப்பாக்களில் ஒன்றில் மருதைமுத்து காட்டுப் புழு, மற்றதில் கொளஞ்சி காட்டுப் புழு. இரண்டுக்கும் கொளஞ்சி காட்டு இலையில் ஒவ்வொரு துண்டு. மூடினாள்.

"நாளைக்குக் காலையில வரேன். அதுவரைக்கும் டேங்கையும் தொடக்கூடாது, மூடியையும் தொடக்கூடாது."

மருதைமுத்து இரண்டையும் தொடவில்லை. காலையில் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கொளஞ்சியின் டப்பாவில் இலை நரம்புதான் மிச்சம். ஈர மரத்தூள் மாதிரி எச்சம். புழு கொழுகொழுவென்று இருந்தது. மருதைமுத்துவின் டப்பாவில் இலை வைத்தபடியே கிடந்தது. எச்சம் ஒரு பொட்டு இல்லை. புழு சுருங்கிப்போய், தொட்டால் மட்டும் லேசாக அசைந்தது.

"உயிர் இருக்கே" என்றார் மருதைமுத்து, விடாமல்.

"இருக்கு. தசையெல்லாம் இறுகிப்போச்சு. தாடை அசையாது. சாக இன்னும் ரெண்டு நாளாகலாம்."

"அதுவரைக்கும்?"

ரஸியா அந்த முழு இலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஐயா, போன வருஷம் உங்க சோளத்தைத் தின்னது அதோட உயிரா, வாயா?"

மருதைமுத்து இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு காட்டுக்குள் ஓடினார். குருத்து குருத்தாகப் பிரித்தார். எதிலும் புது எச்சம் இல்லை. "டேய் கொளஞ்சி! சாப்பாட்டை நிறுத்திட்டானுங்கடா!" என்று அவர் போட்ட கூச்சல் தார்ரோடு வரைக்கும் கேட்டது.

பத்தாம் நாள் ஓட்டையில்லாத குருத்து விரிந்தது. அறுப்பில் டிராக்டர் நிறைந்து, இன்னொரு நடையும் போனது. திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

போன தை மாதம், கதிர் குவிந்த களத்தில் மருதைமுத்து மறுபடியும் இதைச் சொன்னார். கதை சொல்கிறவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நெசத்தைச் சொல்லுங்க. அந்த மூடியை நடுவுல ஒரு தடவைகூடவா நீங்க திறந்து பாக்கல?"