பாதிக்குக் கீழே போன தொட்டி

பர்னபாஸ் இருபது வருஷம் விசைப்படகுல இறால் பிடிச்சவரு. அம்பது வயசுக்கு மேல இறால் வளர்க்கக் கத்துக்க வந்தாரு. கத்துக்கொடுத்தது ரெஜினா டீச்சர். அவங்களுக்கு முப்பத்தொண்ணு.

கண்ணாடித் தொட்டியில அழகுக்கு விடுற சிவப்பு இறாலு அது. மீன் மேல ஒட்டுன அழுக்கைக் கொத்தித் தின்னும். குஞ்சா இருக்கையில வாரக்கணக்கா நடுத்தண்ணியில தலைகீழா மிதக்கும். மூணு தடவை வளர்த்தாங்க, மூணு தடவையும் ஒண்ணுகூடப் பிழைக்கல. இது நாலாவது. நாப்பத்திமூணாம் நாள்.

பண்ணையில டீச்சர் போட்ட சட்டம் ஒண்ணு உண்டு. குஞ்சு பாதிக்குக் கீழ குறைஞ்சா நோய்னு அர்த்தம். தொட்டியைக் காலி பண்ணி பிளீச்சிங் பவுடர் போட்டுடணும்.

அன்னைக்குக் காலையில டீச்சர் உள்ள வந்தப்போ, பர்னபாஸ் ஒரு கையில பிளீச்சிங் வாளி. இன்னொரு கை தண்ணி திறந்துவிடுற குழாய்ல.

"என்னண்ணே பண்றீங்க?"

"எல்லாம் போச்சு டீச்சர். நேத்து நாப்பது நீந்துச்சு. இன்னைக்குப் பன்னெண்டு. சட்டம் நீங்க போட்டதுதானே?"

"ஆமா. எண்ணத் தெரிஞ்சவங்களுக்குப் போட்டது. பொணம் எங்க?"

"பொணமா?"

"இருபத்தெட்டு செத்தா இருபத்தெட்டு கெடக்கணும்ல."

"ஒண்ணையொண்ணு தின்னிருக்கும்."

"ஒரே நாள்லயா? கல்யாணப் பந்தியிலகூட அவ்வளவு வேகம் கிடையாதுண்ணே."

பர்னபாஸுக்குச் சிரிப்பு வரல. "பக்கத்துத் தொட்டிக்கும் பரவிடும் டீச்சர். செத்துச்சா, இருக்கான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"வாளியைக் கீழ வைங்க. கையை நல்லாக் கழுவுங்க, சோப்பு வேண்டாம். ம், இப்போ தொட்டி அடி வரைக்கும் விடுங்க."

தோள் வரைக்கும் நனைஞ்சுது.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"பேசாம இருங்க."

இருந்தாரு. திடீர்னு, "ஐயோ!"

"என்ன?"

"நகத்தை யாரோ நோண்டுறாங்க!"

டீச்சர் டார்ச் அடிச்சாங்க. அடியில கிடந்த குழாய்த் துண்டுக்குள்ள இருந்து ஒண்ணு வந்துச்சு. பின்னாடி ரெண்டு. அப்புறம் எண்ண முடியல. ரெண்டு அரிசி நீளம்தான். சிவப்பு முதுகு, நடுவுல வெள்ளைக் கோடு. தலை நிமிர்ந்து நின்னு நகக்கண்ணுல வேலை பார்த்துச்சுங்க. இருபது வருஷ டீசல் கறை. வேலைக்குப் பஞ்சமில்ல.

"டீச்சர்! இறாலு டீச்சர்! குஞ்செல்லாம் அடியில இறங்கி இறாலாயிடுச்சு!"

டீச்சரும் சேர்ந்து கத்துனாங்க. பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரங்க ஓடி வந்து, யாருக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டாங்க.

அவங்க போய் ரொம்ப நேரம் கழிச்சு பர்னபாஸ் மெதுவாக் கேட்டாரு. "கை மரத்துப் போச்சு டீச்சர். எடுத்துக்கட்டுமா?"

"அதுங்க இன்னும் முடிக்கலையேண்ணே."