அர்த்தத்துக்கு அர்த்தம்

"அந்தக்கா இந்தத் தடவையும் இங்கிலீஷ்ல ஊத்திக்கும், பாரு."

டுடோரியல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். பின்னால் ஏறிவந்த பேச்சிக்கனிக்கு அது கேட்டது. வழி விடுப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள்.

அவள் அங்கன்வாடியில் உதவியாளர். பன்னிரண்டாம் வகுப்பு தேறினால் பணியாளர் ஆகலாம். மற்றப் பாடங்களை எழுதி முடித்துவிட்டாள். ஆங்கிலம் மட்டும் நின்றுபோனது. இந்த முறையும் விட்டால் வயது தாண்டிவிடும். மறுநாள் தேர்வு.

ஆசிரியை பெனிட்டா, பேச்சிக்கனியின் கடைசித் தங்கையைவிடவும் சின்னவள். ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாகப் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, வலப்புற வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு சொற்களைக் கேட்டாள். பேச்சிக்கனி ஒன்றுவிடாமல் சொன்னாள். இடப்புறத்தை மறைத்தும் கேட்டாள். அதையும் சொன்னாள். கிரீஃப் என்றால் சாரோ. சாரோ என்றால் கிரீஃப்.

பெனிட்டா கையை எடுத்துவிட்டாள். இரண்டு சொற்களும் அருகருகே தெரிந்தன.

"இப்போ சொல்லுங்கக்கா. ரெண்டுக்கும் என்ன அர்த்தம்?"

பேச்சிக்கனி பக்கத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்; கீழே பார்த்தாள். துக்கம் என்று தமிழில் எங்கும் போட்டிருக்கவில்லை.

"அது புஸ்தகத்துல இல்லையே டீச்சர்."

பெனிட்டா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். அதற்கும் பேச்சிக்கனிக்கு அர்த்தம் தெரியவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. விரல் நடுப்பக்கம்வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

போன தேர்வில் பத்தி படித்துப் பதில் எழுதச் சொன்னதைப் பேச்சிக்கனி மெதுவாகச் சொன்னாள். ஏதோ ஒரு நாயைப் பற்றியது. கடைசியில் நாய் செத்ததா பிழைத்ததா என்று தெரியாமலே எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு வந்தாளாம். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். பெனிட்டா சிரிக்கவில்லை.

"அப்போ இத்தனை நாளா நான் படிச்சது என்ன டீச்சர்?"

கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கே எல்லாவற்றுக்கும் தமிழில் சொல்லித் தரமுடியுமா என்று பேச்சிக்கனி கேட்டாள். சொல்லலாம், ஆனால் இருப்பதும் குழம்பிப்போகும் என்றாள் பெனிட்டா. அப்படியானால் இப்படியே போனால் தேறிவிடுவேனா என்று கேட்டாள். பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க படிக்கும்போது உங்களுக்கு அர்த்தமெல்லாம் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"பின்ன, எப்பத் தெரிஞ்சது?"

"பாஸான பிறகு," என்றாள் பெனிட்டா. புத்தகத்தைப் பார்த்தபடி, "சிலது இன்னும் தெரியல," என்றாள்.

பேச்சிக்கனி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடி, முதல் சொல்லிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள்.