மூன்று மூச்சு நேரம்

சடையன் மறுபடியும் ஜன்னலுக்குப் பாய்ந்தான். தெருவில் தயிர்க்காரி போனாள், ஒரு கழுதை போனது, கழுதையைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரன் போனான். மூன்று பேருக்கும் மூன்று தடவை வீடு அதிரக் குரைத்தான். சும்மா கிடடா என்று மருதாயியும் கூடவே கத்தினாள். பிறகு வழக்கம்போல ஒரு கேழ்வரகு உருண்டையை அவன் பக்கம் எறிந்தாள். தின்னும் நேரமாவது வாய் மூடியிருக்கும்.

மந்திரவாதிகளும் மற்றவர்களைப் போலவே தெருவில் குடியிருந்த காலம் அது. மருதாயிக்கு எதிர்வீட்டிலும் ஒருவர் இருந்தார். குடிவந்த அன்று அடுப்பு பற்றவைக்க நெருப்பு கேட்டு வந்தார். சடையன் குரைத்த குரைப்பில் கங்குச் சட்டி நழுவி, தாடி பாதி பொசுங்கிவிட்டது. அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். மருதாயியின் புருஷன் வேலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூன்று வருஷம் ஊர் ஊராக அலைவாய்," என்றார் மந்திரவாதி. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேறொருத்தன் முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பாய். உன் பேரை நீ சொல்ல, வீட்டிலுள்ள எல்லா உயிரும் சத்தமில்லாமல் கேட்டால் உன் முகம் உனக்கு. இல்லையென்றால் மூன்றாம் வருஷக் கடைசியில் உன் பேரும் உனக்கு மறந்துபோகும்."

வேலப்பன் வளையல்காரனாக வந்தான், பரதேசியாக வந்தான், பாய் விற்பவனாக வந்தான். அவன் வாயைத் திறக்கும் முன் சடையன் குரைத்தான். குரைப்பு காதில் விழுந்ததும் கால்கள் தாமாகவே திரும்பி நடந்தன. மருதாயி நாயின் வாயைக் கட்டிப்பார்த்தாள், தொண்டைக்குள் உறுமினான். கொல்லையில் கட்டினாள், ஊளையிட்டான். ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவந்தாள். அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, அவளைப் பார்த்தே குரைத்தான்.

இன்னும் ஒரே ஒரு பௌர்ணமிதான் பாக்கி. மருதாயிக்கு அழவும் தெம்பில்லை. எதிர்வீட்டுக்குப் போய்ச் சாபத்தை அவிழ்க்கச்சொன்னாள். மந்திரவாதியின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மூன்று வருஷமாக இந்த நாயால் அவருக்கும் தூக்கமில்லை.

"கட்டத்தான் தெரியும் தாயி," என்றார். "அவிழ்க்கிற பாடம் வருவதற்குள் குரு செத்துப்போனார்."

வேண்டுமானால் நாயை மூன்று பேச்சு பேசவைக்கலாம், அவ்வளவுதான் என்றார். அதையாவது செய்யுங்கள் என்றாள். அவர் வந்து சடையனின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"நான் குரைத்தால் போய்விடுகிறார்கள்," என்றான் சடையன். "தயிர்க்காரி, கழுதை, எல்லாரும். ஒருத்தரும் நின்றதில்லை."

மருதாயி வழக்கம்போல ஓர் உருண்டையைக் கையில் எடுத்தாள்.

"நீயும் கூடவே குரைக்கிறாய், ஆத்தா. குரல்தான் கொஞ்சம் போதாது."

மந்திரவாதி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"முடித்ததும் கூலியும் கொடுக்கிறாய். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அதற்காக வேலையை விடமுடியுமா?"

அதன்பின் அவன் வெறும் நாயாகிவிட்டான். மருதாயி தன் கையிலிருந்த கேழ்வரகு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். கதவிலிருந்து தள்ளி உள்சுவரோரம் ஒரு பாயைப் போட்டாள். தெருவில் நடக்க ஆள் வேண்டுமே? மந்திரவாதியையே நடக்கச்சொன்னாள். அவர் வாசலைக் கடக்கும்போது சடையன் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தால் பாய்மேல் ஓர் உருண்டை. குரைத்தால் உருண்டையும் இல்லை, கத்தலும் இல்லை. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"இன்னும் எத்தனை தடவை, தாயி?" என்பார் மந்திரவாதி.

"மூன்றே தடவை, ஐயா."

முதல் வாரம் முழுக்கக் குரைத்தான். மந்திரவாதியின் குதிகால் வெடித்தது. இன்னும் எத்தனை என்று கேட்டார்; மூன்றே தடவை என்றாள். இரண்டாம் வாரம் ஒரு மூச்சு. மூன்றாம் வாரம் இரண்டு மூச்சு. இன்னும் எத்தனை என்று கேட்பதை அவர் விட்டுவிட்டார். கடைசி வாரம் அவர் கதவையே தட்டினார். சடையன் பாய்க்குப் போய் உட்கார்ந்து, மூன்று மூச்சு நேரம் உருண்டை இருந்த அவள் மடியைப் பார்த்தான்.

பௌர்ணமியன்று பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை. பிறகு கதவு தட்டப்பட்டது. திறந்தாள். வழுக்கைத்தலை உப்பு வியாபாரி ஒருவன் நின்றான். இத்தனை தடவை விரட்டப்பட்ட பழக்கத்தில் அவன் ஒரு கால் ஏற்கெனவே தெருப்பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு மூச்சு. சடையன் எழுந்து நின்றான்.

இரண்டு மூச்சு. அவன் தொண்டை அசைந்தது. மருதாயி திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மூச்சு. குரைக்காத நேரத்தில் மூக்கு வேலை செய்தது. வால் ஒருதடவை சுவரில் தட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"நான் வேலப்பன்," என்றான் வந்தவன், சந்தேகத்தோடு சொல்வது போல.

நனைந்த சுண்ணாம்பு போல அந்த முகம் உதிர்ந்தது. உள்ளே வேலப்பன் இருந்தான், மூன்று வயது கூடுதலாக. குரைக்கவில்லையே என்றான் நாயைப் பார்த்து. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா என்றாள் மருதாயி. சடையன் அந்த ஈரக்கால்களை நக்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

எதிர்வீட்டிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

அவள் கூழ் ஊற்றினாள். போன ஊர்களைப் பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தான். தெருவில் யாரோ நடந்துபோனார்கள். சடையன் ஒரு காதைத் தூக்கினான், பிறகு மடக்கிக்கொண்டான். அப்புறம் என்று கேட்டபடியே மருதாயி மடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துப் பாய்மேல் வைத்தாள்.