பைத்தான் ஓட்டிய ரேக்ளா

கோவையில் கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தலைமைப் பொறியாளர் தில்லைநாயகம் வைத்ததுதான் சட்டம். ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தய விளையாட்டைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவதாகப் புதிதாகச் சேர்ந்த மங்கையர்க்கரசி சொன்னதும் சிரித்தார்.

"அது நத்தையாட்டம் ஊருமே! சி மொழியில எழுதும்மா. முதலாளியம்மா முன்னாடி மாடு திணறுச்சுன்னா, உனக்கு இங்க வேலையில்லை."

திங்கட்கிழமை முதலாளியம்மா விசையைத் தட்டினார். திரையில் காளைகள் புழுதி கிளப்பிப் பறந்தன. சலங்கைச் சத்தம் துளியும் பிசகவில்லை.

"பாத்தீங்களா மேடம், இதுதான் சி மொழி வேகம்!" என்றார் தில்லைநாயகம்.

"ஆமாங்க சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "படம் வரையறதும் சத்தம் போடறதும் சி-யில ஏற்கெனவே எழுதி வெச்ச லைப்ரரி. நான் எழுதின பைத்தான் அதை ஏவ மட்டுந்தான் செய்யுது."

"ஏவறது மெதுவா இருந்தா வேலை எப்படி ஓடும்?"

"செய்யறவங்க வேகமா இருந்தாப் போதுங்க சார். நம்ம ஆபீஸே அப்படித்தானே ஓடுது?"

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடுத்த விளையாட்டும் மங்கையர்க்கரசிக்கே வந்தது.