விண்ணப்பத்தின் பின்பக்கம்

தெற்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே லேபில் அமிலம் காய்ச்சுகிறவர்களும் சரி, காட்டுக்கும் கடலுக்கும் போய் ஆராய்ச்சி செய்கிறவர்களும் சரி, முதலில் ஒரு சின்ன அறையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதுதான் பாதுகாப்புத் துறை. அதன் தலைவி சுயம்புகனிக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த ஆறுமுகநயினாருக்கு அறுபத்தொன்று. தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

வந்த முதல் நாளே அவர் கேட்டார்.

"மேடம், நம்ம வேலை சரின்னு சொல்லுததா, வேண்டாம்னு சொல்லுததா?"

"டீ ஆறுது, குடிங்க அண்ணாச்சி," என்றார் சுயம்புகனி.

மூன்றாவது வாரம் சுயம்புகனி இரண்டு நாள் வெளியூர் போனார். அந்த இரண்டு நாளில் வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். விலங்கியல் ஆராய்ச்சி மாணவி ரிஸ்வானா எழுதியது. கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறதாம். பாறையில் இறங்கிக் குஞ்சுகளை அளக்க வேண்டுமாம், தனியாக.

ஆறுமுகநயினார் 'குவாரி' என்பதைப் படித்தார். 'தனியாக' என்பதைப் படித்தார். சிவப்பு முத்திரையைக் குத்தி, அனுமதி இல்லை என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தைக் கோப்புக் கட்டுக்குள் செருகினார்.

திரும்பி வந்த சுயம்புகனி அதை உருவிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை இப்ப எங்கே அண்ணாச்சி?"

"ஹாஸ்டல்ல இருக்கும்."

"கேட்டுப் பாருங்க."

காலை ஆறு மணிக்கே பையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்றார் வார்டன். வீட்டுக்குப் போன் போட்டால், "அவ அங்கன ஹாஸ்டல்லல்லா இருக்கா," என்றாள் அம்மா. ரிஸ்வானாவின் போன் கிடைக்கவே இல்லை. மணி இரண்டரை.

"குவாரிக்குத்தான் போயிருக்கா," என்றார் ஆறுமுகநயினார். "இந்தப் பக்கம் முப்பது குவாரி கிடக்கே மேடம். எதுன்னு தேட?"

சுயம்புகனி விண்ணப்பத்தைத் திருப்பினார்.

பின்பக்கம் முழுக்கப் பென்சில் படம். பஸ் நிற்கும் இடம், சுடலைமாடன் பீடம், ஒற்றை வேம்பு. குவாரியின் எந்த ஓரம் உதிரும், எந்த இடுக்கில் கூடு, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறுவாள், எல்லாம் இருந்தது. அடியில் ஒரு வரி. 'ஒன்பது நாளில் குஞ்சுகள் பறந்துவிடும். எப்படிச் செய்தால் சரி என்று சொன்னால் அப்படியே செய்கிறேன்.'

ஆறுமுகநயினார் அதை அப்போதுதான் பார்த்தார்.

ஜீப்பில் போகும்போது அவராகவே பேசினார்.

"பதினோரு பிள்ளைகளை இந்தக் கையால குவாரித் தண்ணியிலேருந்து எடுத்திருக்கேன் மேடம். ஒண்ணுக்கும் உயிர் இல்லை. அதான் குத்திட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி. படத்தைப் பாருங்க, வேம்புக்கு இடதா, வலதா?"

"இடது."

குவாரிப் பாறையின் பாதி இறக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அகலமுள்ள விளிம்பில், ரிஸ்வானா உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. கீழே பச்சைத் தண்ணீர். ஆறுமுகநயினார் கயிற்றை ஜீப்பில் கட்டி, இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். அரை மணி நேரத்தில் அவளை மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

அவள் ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஊருக்குப் போறேன்னு ஏம்மா பொய் சொன்னே?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே சார். குஞ்சு எனக்காக நிக்குமா?"

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. தாய் ஆந்தை வேற எதிர்ப் பாறையில உக்காந்து என்னையே முறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே உங்களை மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. சுயம்புகனிதான் சிரித்தார். அப்புறம் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது ரிஸ்வானா பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டாள். ஆறுமுகநயினார் முன்சீட்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"நான் வேண்டாம்னு சொன்னது தப்பா மேடம்?"

"இல்லை. தனியாப் போக வேண்டாம்னு நானும்தான் சொல்லியிருப்பேன்."

"பிறகு?"

சுயம்புகனி பாதையைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினார்.

"அதைத்தான் நானும் கேக்கேன் அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னீங்க. பிறகு என்ன சொன்னீங்க?"

பல்கலைக்கழகத்து வாசல் விளக்குக் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறுமுகநயினார் மடியிலிருந்த கயிற்றோடு மெல்லப் பின்பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தக் கூடு நீ இருந்த இடத்துலேருந்து எத்தனை அடி கீழே இருக்கு?"